பவுடர் செய்த வேலை

ரேணிகுண்டா
24.6.2024

என் அன்புக் கோதைக்கு,

நலம்தானே? உன் போனை நானே சுவரில் அடித்து உடைத்துவிட்டேன். உன் நைனா போனில் உன்னிடம் இதையெல்லாம் பேச வெட்கம், அதனால்தான் கடிதம். இடது கைக்குப் புத்தூரில் கட்டுப் போட்டதாக அவர் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். அன்றைக்கு உன் கையை முறுக்கியது நான் இல்லை, அந்தப் புரோட்டீன் பவுடர். ஒர்க்‌ஷாப் வேலை முடிந்து ஜிம்முக்கும் போய் வந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடக்கும், உனக்கே தெரியும். பவுடர் குடித்தால் அசதி போகும், கூடவே தலைக்குச் சூடு ஏறும். ஜிம் மாஸ்டர் பவன்குமாரும், "ஆமாண்ணா, செலபேருக்கு அது கோவத்த கெளப்பும்" என்கிறான். டப்பாவைச் சாக்கடையில் வீசிவிட்டேன். ஆடி பிறப்பதற்குள் வந்துவிடு கண்ணு.

உன்
யோகேஷ்

நகரி
30.6.2024

மாமாவுக்கு,

கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. தலை பின்னவும் அம்மாதான் வர வேண்டியிருக்கிறது. புரண்டு படுத்தால் உயிர் போகிறது.

போனில் உங்கள் பேச்சைக் கேட்டு நைனா அப்படியே நம்பிவிட்டார். "பையன் நல்லவன்தாம்மா, அந்த மருந்து பண்ண வேல. கெளம்பு" என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்துகிறார். என் துணிகளைப் பையில் வைத்தாயிற்று. எனக்குப் பயமாக இருக்கிறது மாமா.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று சாயங்காலமும் அந்த டப்பாவிலிருந்துதான் குடித்தீர்களா? அதைக் குடித்து அசதி உண்மையிலேயே போனதா?

கோதை

ரேணிகுண்டா
5.7.2024

கோதைக்கு,

இது என்ன போலீஸ் விசாரணையா? நீதானே பாலில் கலக்கித் தந்தாய்! பொங்கலிலிருந்து அசதி என்பதே கிடையாது. அந்த வேகத்தில்தான் குழம்பில் உப்பில்லை என்றதும் கை ஓங்கிவிட்டது. நீயும் எதிர்த்துப் பேசாமல் இருந்திருக்கலாம்.

இவ்வளவு இறங்கி வந்து எந்தப் புருஷன் எழுதுவான்? நேற்று ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தன், "பொண்டாட்டி ஓடிப்போச்சா?" என்று சிரித்தான். பல் உடைந்து வீட்டில் கிடக்கிறான். 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவோடு வருகிறேன். தயாராக இரு.

யோகேஷ்

நகரி
10.7.2024

யோகேஷுக்கு,

மார்கழியில் அந்தப் பவுடரைக் குடித்துவிட்டு, நெஞ்சு படபடக்கிறது என்று என் மடியில் படுத்தாயே, நினைவிருக்கிறதா? உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். பொங்கலன்று அதைக் குப்பையில் கொட்டினேன். பொட்டுக்கடலையை அரைத்து, கோக்கோவும் சர்க்கரையும் கலந்து அதே டப்பாவில் நிரப்பினேன். நீ புது டப்பா வாங்கி வந்தபோதும் இதே வேலைதான். அதைக் குடித்துவிட்டு நீ கண்ணாடி முன்னால் புஜத்தைக் காட்டும்போதெல்லாம் அடுப்படியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன். கல்யாண நாளன்று சொல்லி உன்னைக் கிண்டல் பண்ண ஆசையாகக் காத்திருந்தேன்.

அதற்குள் கையை ஒடித்துவிட்டாய். அன்று உன் வயிற்றில் இருந்தது பொட்டுக்கடலை மாவு.

நேற்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டி நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறியை நிறுத்தினார். "கடல மாவா? அத்த துன்னுட்டா கைய ஒடிச்சான்?" என்றார். பிறகு பையிலிருந்த என் துணிகளை அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. கடப்பாரையை எடுத்து வாசலில் வைத்திருக்கிறார். அவர் எந்தப் பவுடரும் குடிப்பதில்லை.

கோதை