பதினான்காவது வேகன் வரை

மார்ச் 3
கணினியில் விளையாடும் ரயில் சிமுலேட்டருக்கான ஆட்-ஆன், அதாவது கூடுதல் பகுதி, பாதியில் நிற்கிறது. பாதையை வேறொருவர் செய்துவிட்டார். அதிலுள்ள சரக்கு யார்டுக்கு ஷண்டிங் வேலைகள் சேர்ப்பது என் பொறுப்பு: எந்த வேகனைக் கழற்றுவது, எதோடு கோர்ப்பது என்று பட்டியல் போட வேண்டும். வங்கியில் நாள் முழுக்கப் பட்டியல், வீட்டுக்கு வந்தும் பட்டியல். யார் கேட்டார்கள் என்னை?

மார்ச் 6
மனைவி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து வருடமாக நிஜ யார்டில் ஷண்டிங் வேலை. அங்கே அவள் ஒருத்திதான் பெண்.
"ஆபீஸ் சீட் கேட்டுப் பாரேன்" என்றேன்.
"பொம்பளைன்னா இவ்வளவுதான்னு சொல்லவா? நீங்க உங்க பொம்மைய பாருங்க."
பார்த்தேன்.

மார்ச் 7
தலைவலி. ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 15, ஞாயிறு
கெஞ்சிக் கூத்தாடி அவளை ஆட்-ஆன் முன்னால் உட்கார வைத்தேன். ஒரு பொத்தானை அழுத்தியதும் வேகன் கழன்றது.
"கை பிரேக்க யாரு போட்டது?"
"அது தானா போட்டுக்கும். ஒவ்வொரு வேகனுக்கும் நடந்து போய் போடறதெல்லாம் வச்சா விளையாடறவங்களுக்கு போர் அடிக்கும்."
சிரித்தாள். பிறகு என் பட்டியலை விரலால் தொட்டு வாசித்தாள். "முதல் வேகன், அப்புறம் பதினாலு, திரும்ப ரெண்டு, திரும்ப பதிமூணு. நடக்கறவள நெனைச்சா யாரும் இப்படிப் போட மாட்டாங்க."
சவாலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிப் போட்டேன்.
"எங்க ஆபீஸ்லயும் இதே மாதிரிதான் போடறாங்க" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மார்ச் 16
பத்து வருஷம். ஒரு நாள்கூட அவ எவ்வளவு தூரம் நடக்கறான்னு கேட்டிருக்கேனா? வேகனோட நீளம் மட்டும் அங்குலம் பிசகாம தெரியும் எனக்கு. வெட்கமா இருக்கு.

மார்ச் 22
நடையைச் சேர்த்துவிட்டேன். ஜல்லியில் நடக்கும் வேகத்தில், ஒவ்வொரு கை பிரேக்குக்கும். ஒரு பட்டியலுக்கு நடை மட்டும் நாற்பத்தொரு நிமிடம். என் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தாள்.
"இதையா நான் ஒரு ஷிஃப்டுக்கு ஆறு தடவ பண்றேன்?"
என்னைக் கேட்கவில்லை.

மார்ச் 29
வெளியிட்டாயிற்று. முதல் கருத்து: நடையை எடுத்துவிடுங்கள், அலுப்பாக இருக்கிறது. எடுக்கப் போவதில்லை.

ஏப்ரல் 2
ஆபீஸ் சீட்டுக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்யச் சொன்னாள். காரணம் என்ற இடத்தில் 'உடல்நிலை கருதி' என்று அடித்தேன்.
"சுத்தி வளைக்காதீங்க. நடக்க முடியலன்னே போடுங்க."
போட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 20
விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை.

ஜூன் 11
அவள் ஆபீஸ் சீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. யார்டுக்குப் பட்டியல் போடுவது இப்போது அவள்தான். இன்று நாளைக்கான பட்டியலோடு வந்தாள்.
"இத உங்க யார்டுல நடந்து பாருங்க."
இருபத்தாறு நிமிடம் வந்தது. பென்சிலால் இரண்டு வேகன்களை இடம் மாற்றினாள். மறுபடி ஓட்டினேன். பத்தொன்பது.
"என் எடத்துக்கு ஒரு பொண்ணு வந்திருக்கா" என்றாள்.
"அவளுக்கும் மூட்டு வலியா?"
"இல்ல. இப்ப நல்லாத்தான் நடக்கறா."