அப்பாவின் டின்னில் இருந்த சாயம்

2008 ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே தூறல். ஆய்வுகூடத்துக் குவளைகள் கழுவியாயிற்று. கா.து. புதிதாக ஒரு போத்தல். (காந்த நானோத் துகள். முழுப்பெயர் எழுதக் கை வலிக்கிறது.) பார்க்க வெறும் கறுப்புத் தூள். மிளகாய்த்தூள் கரைசலில் போட்டுக் குலுக்கினால் கலப்படச் சாயத்தை மட்டும் பிடிக்கும். மிளகாயின் சொந்தச் சிவப்பைத் தொடாது. வெளியே காந்தம் வைத்தால் எல்லாம் ஓரமாக வந்து ஒட்டும். கழுவினால் சாயம் தனியே. துகளின் மேற்பூச்சு என் கைப்பக்குவம், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்குச் செய்து காட்ட வேண்டும். சரிவராவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றச் சொல்வார்கள். இரண்டு வருட உழைப்பு.

மத்தியானம் அப்பா ஊரிலிருந்து, நாவலப்பிட்டியிலிருந்து, கண்டிக்கு வந்தார். அம்மா உரலில் இடித்த மிளகாய்த்தூள், அரைக் கிலோ டின் நிறைய. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான தூள் வேண்டுமென்று நான்தான் கேட்டிருந்தேன். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

8, செவ்வாய்

அம்மாவின் தூளில் சாயம். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும்.

9, புதன்

புதுத் துகள், புதுக் குவளை. அதே சாயம். மேற்பார்வையாளர் சேர் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைக்க மாட்டார். "துகளிலை பிழையில்லை எண்டா சாம்பிளிலைதான் பிழை, பிள்ளை. வீட்டிலை கேட்டுப் பாரும்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவையா சந்தேகப்படுவது?

பின்னேரம் வீட்டுக்குப் போன். சாயம் எதுவும் சேர்க்கவில்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். அப்பா போனை வாங்கிச் சொன்னார். கண்டிக்குள் நுழையும் இடத்துச் சோதனைச் சாவடியில் படையினர் பஸ்ஸை மறித்து, குண்டு தேடி டின்னைத் திறந்தார்களாம். கொஞ்சம் கொட்டிவிட்டதாம். குட்ஷெட் பஸ் நிலையக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி நிரப்பினாராம்.

"ஒனக்குக் கொறஞ்சிரக் கூடாதுன்னுதான், பாப்பா."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. துகள் பொய் சொல்லவில்லை. என் துகள்!

10, வியாழன்

வெயில். காய்ந்த செத்தல் மிளகாய் வாங்கி ஆய்வுகூடத்திலேயே இடித்தேன். துளி சாயமில்லை. அப்பாடா.

அதே கடையில் அதே பாக்கெட் வாங்கி அளந்து, டின்னோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டேன். டின்னில் ஐந்தில் நான்கு பங்கு கடைத்தூள். அப்பா சொன்ன ஒரு பாக்கெட் நூறு கிராம், ஐந்தில் ஒன்றுதான். திரும்ப அளந்தேன். நான்குதான். அளவு பிழையென்றால் நாளை என்ன சொல்வது?

மறுபடி போன். உண்மையில் எத்தனை பாக்கெட் என்று கேட்டேன்.

"நாலு. டின்ன அப்படியே கவுத்துட்டாங்கம்மா. அடியில கொஞ்சந்தான் மிஞ்சிச்சு. கீழ கெடந்தத அள்ள விடல."

எதை மறைத்தாரோ அதை அளந்திருக்கிறேன். என் வேலையை நினைத்துப் பெருமை. அவரை நினைத்து, டின்னை வீசாமல் எடுத்து வைத்தேன்.

11, வெள்ளி

நீலச் சேலை. காந்தத்தோடு துகள் ஓரம்போனதும் குழுவில் ஒருவர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். அளவு சரியென்று எப்படித் தெரியும் என்று தலைவர் சிங்களத்தில் கேட்டார். கலந்தவரே ஒப்புக்கொண்டார் என்றேன். யார் அவர் என்றார்.

என் அப்பா என்றேன். ஏன் கலந்தார் என்றார். சேர் என்னையே பார்த்தார், விட்டுவிடு என்பதுபோல. சொன்னேன். சாவடி, கவிழ்த்த டின், அள்ள விடாதது, எல்லாம். சிங்களத்திலேயே.

தலைவர் என் ஒப்புதல் தாளை இழுத்துக் கையெழுத்து வைத்தார்.