தெளிந்த தண்ணீரில் நைட்ரேட்

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

காலையில் மீன் கடைக்கு வேலைக்கு வந்ததும் முதல் வேலையாக, ஆறு வருடம் நான் பார்த்துவந்த கடல்மீன் தொட்டியின் தண்ணீரை ரகசியமாகச் சோதித்தேன். அது இப்போது புதிதாக வந்தவள் பொறுப்பு. "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு" என்று முதலாளி அவளை மெச்சும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல். சோதனைக் குழாய் சிவந்தது, நைட்ரேட் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். மீன் கழிவு அழுகிச் சேர்கிற அந்த நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டிப் பஞ்சை அவள் மூன்று வாரமாக அலசவில்லை. கழிவெல்லாம் அதிலேயே அழுகுகிறது.

"அக்கா, மீனு ஏன் சாப்பிட மாட்டேங்குது?" என்றாள்.

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றேன். மனசு குளிர்ந்தது, பிறகு கூசியது.

அடுத்தமுறை பேசும்போது போனை அடுப்புப் பக்கம் வை, தாளிக்கிற சத்தம் கேட்கட்டும்.

சாப்பாட்டு நேரம் முடிகிறது. பொறாமை அப்படியேதான் இருக்கிறது. உன்னைத் தவிர யாரிடமும் இன்னும் சொல்லவில்லை: இதை எழுதி முடித்து எழுந்ததும் அவளைக் கூப்பிட்டு, பஞ்சிலுள்ள நல்ல நுண்ணுயிர் சாகாமலிருக்க, குழாய்த் தண்ணீரில் இல்லாமல் தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த தண்ணீரிலேயே அதை அலசக் கற்றுத்தரப் போகிறேன்.