நிமிஷத்துக்கு இரண்டு வினாடி

பீரோவின் கீழ்த்தட்டில், பழைய பட்டுப்புடவைக்கு அடியில், அந்த ஸ்டாப் வாட்ச் கிடைத்தது. சாவி கொடுத்ததும் ஓட ஆரம்பித்தது. அதன் சத்தத்தைக் கேட்டதும் முதலில் வந்தது துக்கம் இல்லை. நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனக்கு இன்னும் உன்மேல் பொறாமை. இதை வேறு யாரிடம் சொல்ல? உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரே நாளில்தான் இருவரும் அடையாற்றுக் கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். நீ மாம்பலத்திலிருந்து வருவாய், நான் மயிலாப்பூரிலிருந்து. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் சொல்லி எழுதவைக்கும் நோட்ஸ் பரீட்சைக்கு அப்படியே பொருந்தும். உனக்குக் கையெழுத்தும் கிடையாது, நோட்ஸும் கிடையாது. "ஏன் அப்படி?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சாக்பீஸை உருட்டிக்கொண்டு நிற்பாய். அதற்குப் போய் உன் மாணவிகள் உயிரை விட்டார்கள்.

லேப் அட்டெண்டர் மாணிக்கம் ஒருநாள் சாவிக்கொத்தோடு என்னிடம் வந்து அலுத்துக்கொண்டார். "இன்னாம்மா இது, மணியடிச்சு எம்மா நேரமாச்சு, அந்தம்மா கிளாஸு பொண்ணுங்க இன்னும் உள்ளயே கீதுங்க. உங்க கிளாஸுன்னா மணியடிச்சதும் காலி." என்னைப் பாராட்டித்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு அந்த ஊசல் சோதனை. நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, நேரம் பார்த்து, புவியீர்ப்பின் 'ஜி' மதிப்பைக் கணக்கிட வேண்டும். விடை 980 என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். அந்த விடையிலிருந்து பின்னோக்கிப் போய் ரீடிங்குகளைச் சமைப்பது மாணவிகளின் வழக்கம். கண்டும் காணாமல் டிக் போடுவது நம் வழக்கம். நீ என்ன செய்தாய்? நிமிஷத்துக்கு இரண்டு வினாடி பின்தங்கும் இந்த வாட்சை வேண்டுமென்றே எடுத்து, ஒன்றும் சொல்லாமல், அன்று லேபில் இருந்த எட்டுப் பேருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தாய். ஏழு பேருக்கு 980 வந்தது. ஒருத்திக்கு மட்டும் 1047. அழாத குறையாக நோட்டை நீட்டினாள். அவளுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டாய்.

"தப்பு உன்கிட்ட இல்ல. எங்க இருக்குன்னு எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிங்க" என்றாய். எட்டுப் பேரும் வாட்சையும் சுவர்க்கடிகாரத்தையும் ஒத்துப் பார்த்துக் கண்டுபிடித்தபோது எழுந்த கூச்சல் ஸ்டாஃப் ரூம் வரை கேட்டது. என் வகுப்பில் யாரும் எதற்கும் கூச்சலிட்டதில்லை.

மறுநாள் துறைத்தலைவரிடம் போனது நான்தான். "ரிப்பேர் வாட்சைக் கொடுத்து பொண்ணுங்களைக் குழப்பறாங்க சார். யுனிவர்சிட்டி பிராக்டிகல் வேற வருது" என்றேன், ரொம்ப அக்கறையாக. அடுத்த வாரமே உன் பிராக்டிகல் வகுப்பைப் பிடுங்கி எனக்குக் கொடுத்தார். அந்த வருஷம் லேபில் ஒரு சந்தேகமும் எழவில்லை. எல்லோருக்கும் 980.

லேப் சாவியை ஒப்படைக்க வந்தபோது, ரிப்பேர் என்று ஒதுக்கிவிட்ட வாட்சையும் என் மேஜைமேல் வைத்தாய். "இதை நீயே வெச்சுக்கோ. ஒருநாள் நீயும் எடுத்துப் பாரு." குரலில் குத்தல் இல்லை. போட்டுக்கொடுத்தது யார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு எத்தனையோ வருஷம் மயிலாப்பூர் லஸ்ஸில் ஒன்றாகக் காபி குடித்தோம். அப்போதும் கேட்கவில்லை.

இன்று ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி, ஒரு பூட்டைத் தொங்கவிட்டு ஆட்டினேன். இருபது அலைவுகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. படிக்கிற காலத்தில் நானும் ரீடிங் சமைத்தவள்தான். முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்த சோதனையை ஒருமுறைகூட நான் செய்ததில்லை.

1063 வந்தது. வாட்சுக்கும் வயதாகிவிட்டது போலிருக்கிறது. அடித்துவிட்டு 980 என்று எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. வந்ததை வந்தபடியே விட்டிருக்கிறேன்.

இப்போது என் பொறாமையெல்லாம் அந்த ஒருத்தியின் மேல்தான். அவள் நோட்டை நீட்டியபோது, வாங்கிப் பார்க்க நீ இருந்தாய்.