காலிக் கட்டத்தில் விழுந்த பூஜ்யம்

ஒய்டூகே கம்ப்யூட்டர் கலவரமெல்லாம் ஓய்ந்தபின், அமெரிக்காவில் இந்தப் பார்சிப்பனி வீட்டைக் காலி செய்கிறேன். பேஸ்மென்ட்டில் ஒரு பழைய படிவம் அகப்பட்டது. ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகை, புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தின் நிறத்தில். நீ இறந்துபோய் எட்டு மாதமாகிறது. பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லையடி, ஆத்திரம்தான் வந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்னால், கானாவின் கிராமங்களில் தோல்நோய்க் கணக்கெடுப்பு. சிநேகிதிகள் நாம் இருவரும் அதில்தான்; நீ அங்கே டாக்டர், நான் இங்கே ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால். வலியே இல்லாத சின்னக் கட்டியாகத் தொடங்கி, தோலை அரித்துக்கொண்டே போகும் புண் யாருக்கு இருக்கிறது என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டும். போன ஊழியர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் முகத்தையும் கையையும் காட்டினார்கள், துணியை விலக்கவில்லை. ஊழியர்கள் யோக்கியர்கள், பார்க்காத இடத்துக்கான கட்டத்தைக் காலியாகவே விட்டார்கள். என் ப்ரோக்ராம்தான் காலியைக் கண்ட இடமெல்லாம் பூஜ்யம் போட்டது. பூஜ்யம் என்றால் நோய் இல்லை. அந்த வட்டாரத்தில் நோயே அரிது என்று ரிப்போர்ட் போயிற்று. சிகிச்சைக் குழு வேறு வட்டாரத்துக்குப் போயிற்று.

விஷயம் தெரிந்ததும் நீ விமானம் ஏறி வந்தாய். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் இந்தப் படிவத்தை என் மேஜையில் போட்டாய். படிவம் அஜோவா என்பவளுடையது, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். கதவைச் சாத்திவிட்டு நீ பார்த்தபோது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"ஏண்டி, பாக்காததும் இல்லாததும் ஒண்ணா?" என்று கேட்டாய்.

என் மேனேஜரிடம் போனோம். அவரும் நம்மூர்க்காரர்தான். "டாக்டர், ரிப்போர்ட் சப்மிட் பண்ணியாச்சு. இப்ப ரீஓபன் பண்ணா ஃபண்டிங்கே போயிடும். அடுத்த சர்வேல பாத்துக்கலாம்" என்றார். அடுத்த சர்வேயாம்! புண் என்ன காலண்டர் பார்த்தா வளரும்? நீ கத்தினாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாய். தப்பு என் ப்ரோக்ராமில்தான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரால் மூடி மறைத்திருக்க முடியாது. என் கிரீன் கார்டு பேப்பர் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பார்க்கிங் லாட்டில், "சாப்ட்டியாடி?" என்று கேட்டாய். திட்டியிருக்கலாம் நீ. அதை நினைத்தால் இன்றும் உன்மேல் கோபம் வருகிறது.

கிரீன் கார்டு வந்தது. அடுத்த சர்வேயும் வந்தது. அஜோவாவின் காலை எடுத்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது.

போன வாரம் புது ஆபீஸில் ஒருவன், "காலியா இருக்கறதுக்கெல்லாம் ஜீரோ போட்டுடலாம் மேடம், நீட்டா இருக்கும்" என்றான். மீட்டிங்கே நின்றுபோகும்படி கத்தினேன். அன்றைக்கு நீ கத்தியதைவிடச் சத்தமாக, ஐந்து வருடம் தாமதமாக.