மருமகன் பேருக்கு அடித்த கடிதம்

நவம்பர் 18, செவ்வாய்

பத்து வருஷத்தில் செய்ய நினைத்ததை மூன்றே வருஷத்தில் முடித்துவிட அவசரப்பட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சுங்கச் சட்டம் படித்தேன். வந்த இரண்டு வரன்களையும் வேண்டாம் என்றேன். கஸ்டம்ஸ் ஏஜென்ட் லைசென்ஸ் வாங்கி, ஹார்பர் ரோட்டில் சொந்தமாக ஆபீஸ் போட வேண்டும். அதற்கான பரீட்சைக்கு முதலாளி கொடுக்கும் அனுபவக் கடிதம் வேண்டும். வியாழனோடு விண்ணப்பம் முடிகிறது.

மதியம் போய்க் கேட்டேன். முதலாளி அண்ணாச்சி தலை நிமிராமலே சொன்னார்: "நீ பாஸாயி போயிட்டா இங்கன கப்பல் பேப்பரெல்லாம் யாரு பாப்பா? அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்."

அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் கூப்பிட்டு, அதே கடிதத்தைத் தன் மருமகன் பேருக்கு அடிக்கச் சொன்னார். அவன் வந்தே எட்டு மாதம்தான் ஆகிறது. வேலை சொல்லிக்கொடுத்தது நான்.

"எத்தனை வருஷம்னு போடட்டும் அண்ணாச்சி?"

"ஆறுன்னு போடு."

ஆறு வருஷம் வேலை பார்த்தது நான். ஆனாலும் அடித்தேன். அவர் சொன்ன இங்கிலீஷில் இருந்த தப்பையும் திருத்தினேன். வாசித்துவிட்டு, "ஒன்ன மாதிரி யாரும் எழுத முடியாதுளா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "ஞாயித்துக்கிழம சபையில ஒம் பரீட்சைக்கு ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கேன்."

"சரிம்மா" என்று சொல்லித் தட்டைக் கழுவ எழுந்தேன்.