ஒரே பெயரில் இருவர்

அலங்காநல்லூர்
14.2.2004

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் ஹம்சவேணியின் வணக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான் டீச்சர். போலியோ சொட்டு மருந்து, ரேஷன் கார்டு கணக்கெடுப்பு எல்லாம் என் தலையில்தான். வாக்காளர் பட்டியல் பார்த்த அவசரத்தில் ஒரு வேடிக்கை நடந்துவிட்டது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் உக்கிரபாண்டி என்று ஒரே பெயர். இறந்த தாத்தாவை விட்டுவிட்டுப் பேரனின் பெயரை அடித்துவிட்டேன். திருத்தச் சொல்லி தாலுகா ஆபீசுக்கு எழுதினேன், பதில் இல்லை.

“செத்தவனுக்கு வேற என்ன சோலி டீச்சர்?” என்று அந்தப் பேரன் தினமும் பள்ளி வாசலில் வந்து உட்காருகிறார். நேற்று வருகைப் பதிவில் கடைசிப் பெயர் முடிந்ததும், “உள்ளேன் டீச்சர்” என்றார். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

கவலைப்படாதீர்கள். நல்ல பூட்டு ஒன்று மட்டும் உடனே அனுப்புங்கள். நான் குடியிருப்பது அவருடைய வீட்டில். இப்போதுள்ள பூட்டுக்கு அவரிடமும் ஒரு சாவி இருக்கிறது.

தபால் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது.

ஹம்சவேணி